கறிவேப்பிலைச் சாடியில் வந்த சூரியகாந்தி

வலது மணிக்கட்டில் வைத்தியர் கத்தி வைத்த பிறகுதான் எங்கள் பல்கனியில் வெயில் விழும் என்பதே எனக்குத் தெரிந்தது. பாரிஸின் லா சப்பலில் அந்த ஐந்தாம் மாடி வீட்டுக்குக் குடிவந்து அப்போது பதினாறு வருஷம். ரயில் பாதையைப் பார்த்த, கிழக்கு முகப் பல்கனி. நான் உணவகச் சமையல்காரன். வேலை முடிந்து வரும்போது தெரு அடங்கியிருக்கும். காலை வெயில் பல்கனிக்கு வரும் நேரம் நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போர்வைக்குள் கிடப்பேன்.

வெங்காயம் வெட்டி வெட்டியே இரண்டு கைகளிலும் நரம்பு நெரிந்துவிட்டது. வைத்தியர் சித்திரையில் வலது கையைச் செய்தார், ஆடியில் இடது கையைச் செய்வதாகச் சொன்னார். அதுவரை வேலைக்குப் போகக் கூடாது என்று 'அறே' எழுதித் தந்தார். பிரான்ஸில் சுகவீன விடுப்புக்கு எல்லாரும் சொல்கிற சொல் அதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை கட்டுப்போட்ட கையோடு வந்தது.

மனைவி பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. காலை ஆறு மணிக்கே போய்விடுவாள். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாள். நான் குசினிக் கதிரையொன்றைப் பல்கனியில் போட்டு உட்கார்ந்திருப்பேன். வீக்கம் இறங்குவதற்காகக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். கீழே போகிற ரயில்களிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவர்கள், ஒருவன் தங்களுக்குக் கையசைக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு மூன்று பேர் திருப்பிக் கையசைத்தும் இருக்கிறார்கள்.

பல்கனி மூலையில் ஒரு பெரிய மண் சாடி நின்றது. அதில் மனைவி ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை இருந்தது. முந்தின வருஷத்துக் குளிரில், லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போன நான்கு நாளில், அதை உள்ளே எடுத்துவைக்க மறந்துவிட்டோம். திரும்பி வந்தபோது இலைகளெல்லாம் கறுத்திருந்தன. அதன்பிறகும் அவள் சாடியை எறிய விடவில்லை. வாரத்துக்கொருமுறை காய்ந்த தடியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "வேர் சாகேல்லை" என்பாள். தடி மட்டும் அடுத்த குளிரையும் பல்கனியிலேயே கழித்தது.

அந்தச் சாடியில்தான் ஒரு முளையைக் கண்டேன். சின்ன விரல் நகம் அளவு. இரண்டு தடித்த இலைகள்.

பின்னேரம் அவள் வந்ததும் சொன்னேன். கைப்பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து குனிந்து பார்த்தாள்.

"நான் சொன்னனான்தானே! கறிவேப்பிலை துளிர்க்குது."

"இது தடியிலையிருந்து வரேல்லையப்பா. மண்ணிலையிருந்து வருது."

"வேரிலையிருந்து வருமே."

ஒரு கிழமையில் அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து வந்த இலைகளின் ஓரம் வாள் பல்லுப்போல இருந்தது. தடவினால் பூனையின் நாக்கைத் தொட்டமாதிரிச் சொரசொரத்தது. கறிவேப்பிலை எந்தப் பிறவியிலும் அப்படி இருக்காது.

"களை," என்றாள். "பிடுங்கிவிடுங்கோ. சனிக்கிழமை கடையிலை ஒரு புதுக் கன்று வாங்குவம்."

"ஒரு கிழமை பொறும்."

"ஏன்?"

 நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வேறொன்றும் இல்லை. அதைத்தான் சொன்னேன். அவள் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு கிழமையில் அது ஒரு சாண் வளர்ந்தது. வைகாசி முடியும்போது என் இடுப்பளவு வந்துவிட்டது. நேராக நிற்கிற குணம் அதற்கு இல்லை. அடியிலிருந்தே கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, பல்கனிக் கம்பிகளில் சாய்ந்து வெளியே எட்டிப் பார்த்தது. தண்டில் பச்சைக்கு நடுவே ஊதாப் புள்ளிகள், உடம்பெல்லாம் மயிர். மகள் கைப்பேசியால் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "துர்னேசொல், பப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சூரியகாந்தி. நான் நம்பவில்லை. ஒற்றைத் தண்டும் உச்சியில் சோற்றுத் தட்டளவு ஒரு பூவும்தான் நான் அறிந்த சூரியகாந்தி. இதில் ஒரு மொட்டுக்கூட இல்லை, கிளைகள் மட்டும் பத்துப் பன்னிரண்டு.

ஒரு நாள் காற்றில் ஒரு இலை முறிந்தது. மரக்கறிக் கடை அண்ணையிடம் காட்டிக் கேட்கலாம் என்று எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்கினேன். மூன்றாம் மாடியில் ஒரு வயதான அம்மா ஏறினார். எழுபதைத் தாண்டியவர், புதுச்சேரிக்காரர், பருத்திச் சட்டையும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக இருப்பார். பதினாறு வருஷமாக அவருக்கு நானும் எனக்கு அவரும் 'போன்ஜூர்' மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேரும் தமிழர் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குமேல் ஒரு சொல் பேசியதில்லை.

அன்றும் போன்ஜூர் சொன்னார். பிறகு அவருடைய கண் என் கையிலிருந்த இலைக்குப் போனது.

"அந்த எலையக் கொஞ்சம் குடுங்க," என்றார் தமிழில்.

கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், நரம்பை விரலால் நீவினார், கசக்கி முகர்ந்தார். லிப்ட் கீழே வந்து கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.

"எங்க கெடச்சுது தம்பி?"

"எங்கட பல்கனியிலை, அம்மா. கறிவேப்பிலைச் சாடிக்குள்ளை தானாய் வந்தது."

"நம்ம கட்டடத்துலயா?" கதவு மூடிக்கொண்டது. "பூ இருக்கா?"

"இன்னும் இல்லை."

"மொட்டு?"

"அதுவும் இல்லை."

லிப்டை யாரோ மேலே கூப்பிட்டிருந்தார்கள். ஏழாம் மாடிக்குப் போய்த் திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நின்றோம். அவர் பாரிஸில் ஒரு பெரிய தாவரவியல் சேகரிப்பில் முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, ஊசிநூலால் கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டி அலுமாரியில் அடுக்குவது அவருடைய வேலை. பழைய தாள்களில் பசை விட்டுப்போனால் திரும்ப ஒட்டுவார்.

"பூ வந்தா என்னைக் கூப்பிடுங்க. மூணாவது மாடி, எடதுகைப் பக்கம். மறந்துடாதீங்க."

ஆடி மாதம் பிறந்த கையோடு முதல் பூ வந்தது. அடுத்த கிழமை எனக்கு இடது கையில் சத்திரசிகிச்சை. அந்த யோசனையில் நித்திரை வராமல், மனைவி வேலைக்குப் போனதும் பல்கனிக்கு வந்தேன். நேற்று மாலை பச்சையாகக் குவிந்திருந்த ஒரு மொட்டு திறந்திருந்தது.

அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முயல்கிறேன். பூ பெரிதில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவட்டம் கறுப்பென்று சொல்லவும் முடியாது, சிவப்பென்று சொல்லவும் முடியாது. நன்றாகப் பழுத்த நாவல்பழத்தைக் கடித்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். சுற்றிவரப் பதினைந்து இதழ்கள். வெயில் எதிர்க் கட்டடங்களுக்கு மேலே வந்து நேராக அதில் விழுந்தது. அந்த மஞ்சள் ஒளியை வாங்கித் திருப்பி எறிந்தது. என் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் நிழல் விழுந்திருந்ததைக் கண்டேன். அதற்கு முன் எனக்கு எந்தப் பூவையும் நின்று பார்த்த நினைவு இல்லை. கோயிலுக்கு மாலை வாங்கியிருக்கிறேன், மேசைக்குப் பூ வைத்திருக்கிறேன். நின்று பார்த்ததில்லை.

மூன்றாம் மாடிக்குப் படியாலேயே இறங்கினேன். அவர் கதவைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பல்கனி வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். முழங்கால் வலிக்காரர். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"இவ்ளோ மஞ்சளா?" என்றார்.

என்னைப் பார்க்காமலே பேசினார். "இத நான் ஒட்டியிருக்கேன் தம்பி. இதே செடி. அமெரிக்காவுல யாரோ எப்பவோ பறிச்சது. நான் பாத்தப்போ எல்லாம் பழுப்பு. எலை, பூ, தண்டு, எல்லாமே புகையிலை நெறம். சீட்டுல 'பூ மஞ்சள்'னு எழுதியிருக்கும். சரி, மஞ்சள்னு நானும் நெனைச்சுக்குவேன்." மறுபடி பூவைப் பார்த்தார். "முப்பது வருஷம் செத்த செடியோடதான் இருந்தேன். எனக்குத் தெரியவே தெரியாது, இவ்ளோ மஞ்சள்னு."

அவருடைய கன்னத்தில் நீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பிறகு உட்கார்ந்து கண்ணாடியை என்னிடம் தந்தார். "நடுவுல பாருங்க." பார்த்தேன். நாவல்பழ வட்டம் ஒரே பரப்பில்லை. நூறுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு பூக்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை இருந்தது. வெளிவரிசை மட்டும் திறந்து மகரந்தத்தை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவை இன்னும் மூடிய குமிழ்கள். நாளைக்கு அடுத்த வரிசை, மறுநாள் அதற்கு அடுத்தது என்று வெளியிலிருந்து உள்ளே போகும் என்றார். ஒரு பூ என்று நான் ஓடிப்போய்ச் சொன்னது ஒரு ஊரளவு பூக்கள். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் கண்ணாடியோடு போய் எந்த வரிசை திறந்திருக்கிறது என்று பார்த்தேன். சொன்னது சொன்னபடி நடந்தது. மனிதர் யாரும் பாராத நேரத்திலும் அது அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதன் பெயரையும் சொன்னார். ஹெலியாந்துஸ் பிரேகொக்ஸ். ஒரே சாயலில் இன்னும் ஓரிரண்டு உண்டு, ஆனாலும் இதுதான் என்று தான் நினைப்பதாகச் சொன்னார். டெக்சாஸ் கடலோரத்தில் மணற்பாங்கான புல்வெளிகளில் தானாக முளைத்து, ஒரே வருஷத்தில் பூத்து, விதைத்து, செத்துப்போகிற காட்டுச் சூரியகாந்தி. 'பிரேகொக்ஸ்' என்றால் முந்திக்கொண்டு பூப்பது என்று பொருளாம்.

டெக்சாஸ் என்றதும் எனக்குப் பொறிதட்டியது. மனைவியின் தங்கை, என் மச்சாள், அங்கே கடலோர ஊரொன்றில் இருக்கிறாள். இரண்டு கோடைக்கு முன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவளுடைய சின்ன மகள் பெரியம்மாவுக்குப் பரிசு என்று ஒரு பொலித்தீன் பை நிறையச் சிப்பி பொறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். சிப்பியோடு பாதிப்பை மண்ணும், காய்ந்த குச்சிகளும்.

பின்னேரம் மனைவியிடம் கேட்டேன்.

"ஓம், அந்தச் சிப்பியெல்லாம் இஞ்சை பல்கனியிலைதான் வாளியிலை போட்டுக் கழுவினனான். மண்ணும் தண்ணியுமாய்க் கிடந்தது. வீணாக்காமல் கறிவேப்பிலைக்கு ஊத்தினனான். மணல் நல்லதெல்லோ."

அப்படியென்றால் அந்த விதை இரண்டு குளிர்காலம் சாடிக்குள்ளே கிடந்திருக்கிறது. கறிவேப்பிலையைக் கொன்ற அதே குளிர் அதன்மேலும் விழுந்திருக்கிறது. புதுச்சேரி அம்மா அதைக் கேட்டு அசரவில்லை. காட்டு விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்துவிடாது, சில காத்திருக்கும், குளிர் பட்டால்தான் சிலதுக்கு உறக்கம் கலையும் என்றார். அவருக்கு அது தெரிந்த விஷயம். நான் மட்டும் அன்று இரவுச் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வருஷமும் நான் அந்தச் சாடியில் சிகரெட் அணைத்திருக்கிறேன்.

ஆடி முழுக்கப் பூத்தது. ஒன்று வாட, மூன்று திறந்தன. அம்மா கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வந்து உட்காருவார். மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். எங்கள் தமிழ் அவருக்கும் அவர் தமிழ் எங்களுக்கும் சிலவேளை பிடிபடாது. அப்போது மூன்று பேரும் பிரெஞ்சுக்கு மாறிவிட்டுத் திரும்பி வருவோம். எனக்கு இப்போது இடது கையில் கட்டு. வலது கையால் வாடிய பூக்களைக் கிள்ளி ஒரு கிண்ணத்தில் சேர்த்தேன், விதைக்காக.

ஆவணி நடுவில் ஒரு தலையை உதிர்த்துப் பார்த்தேன். எல்லாம் சப்பி. வெளிக்கோது இருந்தது, உள்ளே பருப்பு இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கிண்ணத்தில் இருந்ததை எல்லாம் உதிர்த்தேன். ஒரு விதைகூட இல்லை.

"நீங்க கேட்டிருந்தா முன்னமே சொல்லியிருப்பேன்," என்றார் அம்மா. "இது தன்னோட மகரந்தத்த தானே ஏத்துக்காது. இன்னொரு செடி வேணும். இந்த ஒரு செடியில நூறு பூ பூத்தாலும் அதெல்லாம் ஒரே ஆள்தான்."

"தேனீ வருகுதே, அம்மா."

"வரும். வந்து என்ன? கொண்டுவர இடம் வேணுமே."

அதைக் கேட்டு என் மனம் இறங்கிப்போனது. ஒரு கடலைத் தாண்டி வந்து, இரண்டு குளிரைத் தாங்கி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக அவ்வளவு பூத்து, அத்தனையும் பதராக முடிவதா? செடிக்கு அதைப் பற்றிக் கவலை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. மறுநாளும் நான்கு பூ திறந்தது.

புரட்டாதி தொடங்கி ஒரு கிழமை இருக்கும். பழக்க தோசத்தில் காய்ந்த தலை ஒன்றைக் கையில் எடுத்து நசித்தேன். விரலுக்குள் கடினமாக எதுவோ அகப்பட்டது. பிரித்தால் கறுப்பும் சாம்பலுமாக, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக விதை இருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளைப் பருப்பு. அந்தத் தலையில் மட்டும் இருபதுக்கு மேல் இருந்தன.

உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். அம்மா கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ இன்னொண்ணு இருக்கு," என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "தேனீ போய் வர்ற தூரத்துல, எங்கயோ இன்னொண்ணு பூத்திருக்கு."

"யாரும் வீட்டுச் சூரியகாந்தி வளர்க்கினமோ தெரியேல்லை."

"இருக்கலாம். ஆனா இவ்ளோ நல்லா விதை புடிக்காது. இதோட சொந்த ஜாதியாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது."

நான் தேடப் போனேன். அடுத்த இரண்டு கிழமையும் காலையில் புறப்பட்டு மத்தியானம்வரை லா சப்பலின் ஒவ்வொரு தெருவாக நடந்தேன், தலையைத் தூக்கியபடி. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தெருக்களில் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறேன். முதல் மாடிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். ஒரு பல்கனியில் பாகற்கொடி தொலைக்காட்சித் தட்டைச் சுற்றி ஏறியிருந்தது. சாறிக் கடைக்கு மேலே ஒரு வாளியில் வாழைக்கன்று நின்றது. பயத்தங்காய், புதினா, ஒரு எலுமிச்சை. தெரு மரங்களின் அடியில் யாரும் நடாத புல்பூண்டுகள், அவற்றிலும் ஊசிமுனை அளவில் பூக்கள். இவ்வளவும் இங்கேதான் இருந்திருக்கின்றன. நான் தேடிய மஞ்சளை மட்டும் எங்கும் காணவில்லை. தெரிந்தவர்கள் "என்ன அண்ணை, வீடு பாக்கிறியளோ?" என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கண்டுபிடித்தது நான் அல்ல, அம்மாதான். நான் தெருவில் அலையும்போது அவர் எங்கள் பல்கனியில் உட்கார்ந்து தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் களைத்துப்போய்த் திரும்பி வந்ததும், உட்காரக்கூட விடவில்லை.

"தம்பி, நீங்க தெருப் பக்கமே தேடுறீங்க. இதுங்க ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகல. எல்லாம் இப்படி வெளிய போய் நேரா கீழ எறங்குதுங்க."

எங்கள் பல்கனியின் கீழே ஒரு மதில். மதிலுக்கு அப்பால் ரயில் பாதை. மேலிருந்து எட்டிப் பார்த்தால் நாலாம் மாடிப் பல்கனி மறைத்துவிடும், மதிலடி தெரியாது. நான் நிலத்தில் குப்புறப் படுத்தேன். கைப்பேசியை வலது கையில் பிடித்து, கம்பிகளுக்கு இடையே எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன். அந்தக் கையில் இன்னும் பிடி சரியாக வரவில்லை. மனைவி அன்றைக்கு வீட்டில் இருந்தாள். ஐந்தாம் மாடியிலிருந்து கைப்பேசி விழப்போகிறது என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். காலைப் பிடித்தால் கைப்பேசி எப்படி நிற்கும் என்று நான் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து படம் எடுத்தேன்.

எழுந்து உட்கார்ந்து மூன்று பேரும் பார்த்தோம். பெரும்பாலும் மங்கல். ஒன்றில் மட்டும் மதிலின் மறுபக்க அடியும், பாவனையில் இல்லாத ஒரு துருப்பிடித்த தண்டவாளமும், நொறுங்கிய கல்லும் மணலும் தெரிந்தன. கல்லுக்கு நடுவே, தரையோடு படர்ந்து, சிதறிவிட்டமாதிரி மஞ்சள் புள்ளிகள். விரலால் பெரிதாக்கினோம். ஒவ்வொரு மஞ்சளின் நடுவிலும் கறுப்பு.

அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"அங்கை எப்பிடிப் போனது?" என்றேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். "சிப்பி கழுவின அண்டைக்குச் சாடி நிரம்பிட்டுது," என்றாள். "மிச்சத் தண்ணியைக் கம்பியாலை கீழை ஊத்திட்டன். ரயில் பாதைக்கு ஊத்தக் கூடாதெண்டு தெரியும். ஆரும் பாக்கேல்லையெண்டு நினைச்சன்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாடியில் தண்ணீரும் பசளையும் கிடைத்ததால் எங்கள் செடி முந்திவிட்டது. கீழே கல்லில் கிடந்தது மெல்ல வளர்ந்து ஆவணியில்தான் பூக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதுவரை இது பதராகவே பூத்தபடி இருந்திருக்கிறது. ஐந்து மாடி உயரத்தை ஒரு தேனீ ஏறி இறங்கி ஏறியிருக்கிறது. பகல் முழுக்கப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அம்மா ஒரு கிளை கேட்டார். நானே வெட்டிக் கொடுத்தேன். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே இலையை ஒன்று நிமிர்த்தி ஒன்று கவிழ்த்து வைத்தார். பாரம் வைக்க எங்கள் வீட்டுப் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தோம். இரண்டு கிழமை அந்த மூட்டையிலிருந்து அரிசி எடுக்கக் கூடாது என்று உத்தரவு. பிறகு தடித்த தாளில் ஒட்டினார். சீட்டு எழுதும்போது, "கிடைத்த இடம்" என்பதில் பேனாவை நிறுத்தினார்.

"வழக்கமா மண்ணு என்ன, கூட என்ன செடி இருந்துச்சுன்னு எழுதணும். என்ன எழுத?"

"செத்த கறிவேப்பிலை," என்றேன்.

பிரெஞ்சில் அப்படியே எழுதினார். தான் வேலை பார்த்த இடத்தில் இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடுவேன் என்றார். இது இந்த மண்ணுக்கு வரக்கூடாத செடி என்று யாராவது திட்டினாலும் திட்டட்டும், வந்ததை வந்தது என்று எழுதி வைப்பதுதான் தன் வேலை என்றார்.

ஐப்பசியில் நான் அரை நாள் வேலைக்குத் திரும்பினேன். அதே கிழமை ஒரு காலை கீழே இயந்திரச் சத்தம் கேட்டுப் பல்கனிக்கு வந்தேன். செம்மஞ்சள் சட்டை போட்ட நான்கு பேர் மதிலோரமாகப் புல் வெட்டிக்கொண்டு வந்தார்கள். "மிஸ்யூ! மிஸ்யூ!" என்று கத்தினேன். ஒருவர் காதுக் கவசத்தைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார். பூவை வெட்டாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், ரயில் ஒன்று வந்துவிட்டது. அது போய் முடிவதற்குள் அவர் சிரித்து, எனக்குக் கையசைத்து, கவசத்தை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். மதிலடியில் அவர் மறைந்தார். சத்தம் ஒரு கணம் மாறியது, பிறகு பழையபடி ஆனது.

அம்மாவிடம் போய்க் கோபத்தோடு சொன்னேன். அவர் பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே வைக்கவும் இல்லை.

"விதை முத்தியிருந்துச்சா?"

"முத்தியிருக்கும். பூவை நாங்கள் கண்டே மூண்டு கிழமையாகுது."

"அப்போ அது வேலைய முடிச்சுடுச்சு. எப்படியும் குளிர்ல போறதுதான். அந்த மெஷின் விதையத் தூக்கி எறிஞ்சிருக்கும்."

சாடியிலிருந்தது கார்த்திகையில் ஒரு காலை உறைபனியில் கறுத்துப்போனது. இந்த முறை மனைவி நகத்தால் சுரண்டிப் பார்க்கவில்லை. அது ஒரு வருஷச் செடி என்று அவளுக்குத் தெரியும். சாடியை வெறுமையாக்கிக் கழுவி, வசந்தத்தில் புதுக் கறிவேப்பிலைக் கன்று வைத்தாள்.

அடுத்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் உறவுக்காரர் வீட்டில் பூப்புனித நீராட்டு விழா. மனைவியும் நானும் காலை ரயில் எடுத்தோம். ரயில் நிலத்தடியிலிருந்து வெளியே வந்து, எங்கள் கட்டடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. சமிக்ஞை விழவில்லை. அவள் பரிசுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, பிந்தப்போகிறோம் என்று முணுமுணுத்தாள். நான் மதில் பக்கத்து யன்னலில் இருந்தேன்.

மேலிருந்து எடுத்த படத்தில் மட்டும் அந்த இடத்தைக் கண்டிருந்த எனக்கு, அதே மட்டத்தில் இருந்து பார்க்கும்போது முதலில் என்ன என்றே புரியவில்லை. துருப்பிடித்த தண்டவாளத்தின் இரண்டு பக்கமும், மதிலை ஒட்டி, புல்வெட்டும் இயந்திரம் போன வழியெல்லாம், மஞ்சள். ஒரு செடியில்லை, பத்துச் செடியில்லை. கல்லில் கைவிரித்துப் படுத்துக் கிடந்தன. பெரும்பாலான பூக்கள் கிழக்குப் பார்த்து, அதாவது எங்களைப் பார்த்து, திறந்திருந்தன. பக்கத்துத் தண்டவாளத்தில் வேறொரு ரயில் கடந்து போக, அதன் காற்றில் அத்தனையும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக எழும்பின. நான் எழுந்து நின்றேன். 

"இருங்கோப்பா, என்ன பாக்கிறியள்?" என்று கேட்டபடி அவளும் குனிந்து யன்னலால் பார்த்தாள். 

பெட்டியில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு பிரெஞ்சுக்காரி காதில் பாட்டு மாட்டிக் கண்ணை மூடியிருந்தாள். என் மனைவி முன்பின் தெரியாதவர்களோடு பேசவே கூச்சப்படுகிறவள். அவள் கையை நீட்டி அந்தப் பெண்ணின் முழங்காலைத் தட்டினாள்.

"ரெகார்தே," என்றாள், பாருங்கள் என்று யன்னலைக் காட்டி. "ரெகார்தே, மதாம், ரெகார்தே!"

அந்தப் பெண் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். காதிலிருந்ததை மெல்லக் கழற்றினாள். ரயில் அசைந்து புறப்பட்டது. மூன்று பேரும் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, மஞ்சள் முடியும்வரை பார்த்தோம்.